சுருள்வில்லுக்கும் எடை உண்டு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (இயற்பியல்) மாணவன்

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை தருகிறேன் என்று சொன்னதும், "அணுவைப் பற்றி எழுது, விண்வெளியைப் பற்றி எழுது" என்று நண்பர்கள் ஆளுக்கொரு தலைப்பைத் தந்தார்கள். அணுவை நான் கண்டதில்லை. விண்வெளியும் எனக்கு வெகுதொலைவு. ஆனால் நம் ஆய்வகத் தாங்கியில் தொங்குகிறதே ஒரு சுருள்வில், அதனோடு எனக்கு நெருங்கிய பழக்கம் உண்டு. சென்ற ஆண்டு அது என்னிடம் ஓர் உண்மையைச் சொன்னது. நான் அந்த உண்மையை ரப்பரால் அழித்துவிட்டு, அது இருந்த இடத்தில் ஒரு பொய்யை எழுதினேன். அந்தப் பொய்க்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண்ணும் வாங்கினேன்.

இதை இங்கே எழுதுவதில் எனக்கு அச்சம் இல்லாமல் இல்லை. ஆயினும், இப்படி எழுதியவன் நான் ஒருவன் மட்டும் அல்லன் என்பதை அறிவேன். ஆகவே நண்பர்களும் ஆசிரியப் பெருமக்களும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இயற்பியல் நூல்கள் 'நிறை' என்று சொல்வதைச் சில இடங்களில் பேச்சு வழக்கை ஒட்டி 'எடை' என்றே எழுதுகிறேன். பேராசிரியர்கள் பொறுத்தருள்க.

மெழுகும் வில்வண்டியும்

எனது ஊர் சுவாமிமலை. தந்தைக்கு மகன் பிரணவத்தின் பொருளை உரைத்த தலம் என்பதால் அங்குள்ள முருகப் பெருமானைத் 'தகப்பன்சாமி' என்று அழைப்பார்கள். தமிழ் ஆண்டுகள் அறுபதின் பெயரால் அமைந்த அறுபது படிகளை ஏறித்தான் அவரைக் காண வேண்டும். கோயிலுக்கு அடுத்தபடி எங்கள் ஊருக்குப் புகழ் தருபவை வார்ப்புச் சிலைகள். 2023-ஆம் ஆண்டு புதுதில்லியில் ஜி-20 மாநாடு நடந்த பாரத் மண்டபத்தின் முன்னே நிறுத்தப்பட்ட 27 அடி உயர நடராசரை வடித்தவர்கள் எங்கள் ஊர் ஸ்தபதிகள்தாம். அத்தகைய பெரும் பணி எதிலும் என் தந்தைக்குப் பங்கில்லை. சிறிய பட்டறை ஒன்றில் அரம் பிடித்துச் சிலைகளை ராவும் வேலை அவருக்கு. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்.

முதலாண்டில் 'பருப்பொருளின் பண்புகள்' என்ற பாடத்தில் மீட்சித்திறன் பற்றிப் படித்தோம். விசையை நீக்கியதும் பழைய வடிவுக்குத் திரும்பும் பொருள் மீட்சிப் பொருள். திரும்பாமல் புதிய வடிவிலேயே நின்றுவிடுவது குழைமப் பொருள். இவ்விரண்டையும் எங்கள் ஊர்ப் பட்டறையில் ஒரே இடத்தில் காணலாம். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் கலந்து காய்ச்சிய மெழுகில் விரலால் அழுத்தினால் அந்தத் தடம் அப்படியே நிற்கும். அது திரும்பாத பொருளாக இருப்பதால்தான் அதில் கண்ணும் மூக்கும் வைத்து உருச் செய்ய முடிகிறது. அதே உரு ஐம்பொன்னாக வார்க்கப்பட்ட பிறகு, அதைத் தட்டினால் கணீர் என்று ஒலிக்கும். அந்த ஒலி என்பது உலோகம் நொடிக்குப் பல நூறு முறை வளைந்து வளைந்து திரும்புவதே. திரும்பும் பண்பு இல்லாவிட்டால் மணி இல்லை, ஒலியும் இல்லை.

"எஃகு, ரப்பர் இவ்விரண்டில் எது மீட்சித்திறன் மிக்கது?" என்பது தேர்வில் தவறாமல் வரும் வினா. ரப்பர் என்று எழுதிவிட்டு மதிப்பெண்ணை இழந்தவர்கள் நம்மில் பலர். இழுத்தால் எவ்வளவு நீளுகிறது என்பது கணக்கன்று. நீளாமல் எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பதே கணக்கு. எஃகின் யங் குணகம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2 × 10¹¹ நியூட்டன். ரப்பருக்கு அது பல்லாயிரம் மடங்கு குறைவு. தஞ்சை மாவட்டத்து மிராசுதார்கள் ஒரு காலத்தில் ஏறிச் சென்ற வில்வண்டியைப் பெரியவர்கள் அறிவார்கள். வண்டிக் கூட்டுக்கும் அச்சுக்கும் நடுவே வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கி வைத்து, சாலையின் குலுக்கலை அதிலே வாங்கிக்கொள்ளச் செய்தார்கள். அந்தப் பட்டைக்கு 'வில்' என்று பெயரிட்டவர் எந்தப் பாடநூலும் படித்தவர் அல்லர். வளைந்து திரும்புவது வில் என்ற அறிவு அவருக்கு இருந்தது; அது போதுமானதாயிருந்தது.

இந்தப் பண்புக்குக் கணக்கு வகுத்தவர் இங்கிலாந்து நாட்டு இராபர்ட் ஹூக். நீட்சி விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற தம் கண்டுபிடிப்பை அவர் 1676-இல் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட ஒரு புதிராக வெளியிட்டார். வேறொருவர் உரிமை கொண்டாடிவிடக் கூடாதே என்ற எண்ணம்! இரண்டு ஆண்டுகள் கழித்து 1678-இல் தாமே விடையையும் வெளியிட்டார். அந்த விதியிலிருந்துதான் சுருள்வில்லின் அலைவு நேரத்துக்கான சூத்திரம் பிறக்கிறது. தொங்கும் நிறையை வில்லின் விசை மாறிலியால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 2π-ஆல் பெருக்க வேண்டும். நிறை இருமடங்கானால் அலைவு நேரத்தின் வர்க்கமும் இருமடங்காகும். நிறைக்கும் அலைவு நேரத்தின் வர்க்கத்துக்கும் வரைபடம் வரைந்தால், நேர்க்கோடு ஒன்று தொடக்கப் புள்ளியின் வழியே செல்லும். நூல் இப்படித்தான் சொல்கிறது.

13.8-ம் 18.6-ம்

சென்ற ஆண்டு அந்தச் செய்முறை என் முறைக்கு வந்தது. 100 கிராம் தொங்கவிட்டு, சற்றே இழுத்து விட்டு, 20 அலைவுகளுக்கு நேரம் பார்த்தேன்: 13.8 நொடி. 200 கிராம் தொங்கவிட்டுப் பார்த்தேன்: 18.6 நொடி. சூத்திரத்தின்படி இரண்டாவது அளவு 19.5 வர வேண்டும். எண்ணுவதில் பிழை செய்தேனோ என்று மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் 18.6-ஐ ஒட்டியே வந்தது. வரைபடம் தொடக்கப் புள்ளியின் வழியே செல்ல மறுத்தது. கோட்டைப் பின்னோக்கி நீட்டினால், நிறை அச்சில் சுழியத்துக்கும் இடப்புறம் தள்ளிப் போய் வெட்டியது.

மணி அடிக்கச் சிறிது நேரமே இருந்தது. அந்த வில்லுக்காக வேறு மூவர் காத்திருந்தார்கள். மேசை மேல் மூத்த மாணவர் ஒருவரின் பதிவேடு இருந்தது. எல்லாரும் 'பார்த்துக்கொள்வதற்காக' வாங்கி வந்தது அது. அதில் கோடு தொடக்கப் புள்ளியின் வழியே அழகாகச் சென்றது. நான் 18.6-ஐ அழித்து 19.5 என்று எழுதினேன். மற்ற அளவுகளையும் அதற்கு ஏற்பத் திருத்தினேன். கோடு நேராயிற்று. கையெழுத்தும் கிடைத்தது, பத்துக்குப் பத்தும் கிடைத்தது.

பின்னொரு நாள் அந்த மூத்த மாணவரின் பதிவேட்டை வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தேன். அதிலும் அதே இடத்தில் அழித்த தடம் இருந்தது.

கால் மெழுகு

விடுமுறையில் நான் பட்டறைக்குப் போவது உண்டு. கூலிக்கு என்று சொல்ல முடியாது, அப்பாவுக்குக் கைத்துணையாக. ஒரு நாள் சிறிய பாவைவிளக்கு ஒன்றுக்கான மெழுகு உருவைத் தராசில் வைத்து நிறுக்கும் வேலை எனக்கு வந்தது. மெழுகின் எடையை வைத்துத்தான் எவ்வளவு உலோகம் உருக்க வேண்டும் என்று கணக்கிடுவார்கள். மெழுகு இருந்த இடமெல்லாம் பின்னர் உலோகம் நிரம்பப் போகிறது அல்லவா? உருவின் மேல் காவிரி வண்டலைப் பூசி, அதன்மேல் கனமாக மண் அப்பி, கம்பி கட்டிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். உலோகம் இறங்குவதற்கான வழியையும் மெழுகாலேயே செய்து உருவோடு ஒட்டுவார்கள். எங்கள் பட்டறையில் அதைக் கால் என்று சொல்வார்கள்.

நான் உருவை மட்டும் நிறுத்து எடையைச் சொன்னேன்.

"கால் எங்க தம்பி?" என்றார் அப்பா.

"அது சிலையில வராதேப்பா. அப்புறம் அறுத்துத்தானே தள்ளப்போறோம்?"

"அறுக்கிறது அப்புறம். ஊத்துறப்போ அது குடிக்கிறத அது குடிக்கத்தான் செய்யும். அதையும் தராசுல போடு."

அவ்வளவுதான் அவர் சொன்னது. அரத்தை எடுத்துக்கொண்டு தம் வேலைக்குப் போய்விட்டார். எனக்கு ஆய்வகத்து வில் நினைவுக்கு வந்தது. நான் எடைகளைக் கணக்கிட்டேன். அவற்றைத் தாங்கிய வில்லைக் கணக்கிட்டேனா? வில்லும்தானே எடையோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடியது? அதுவும் தன் பங்கைக் குடித்திருக்கும் அல்லவா?

கல்லூரி திறந்ததும் நூலகத்தில் தேடினேன். விடை இருந்தது. அலையும் வில்லின் மேல்நுனி அசைவதே இல்லை. கீழ்நுனி, தொங்கும் எடையின் முழு வேகத்தில் ஓடுகிறது. நடுவில் உள்ள சுருள் பாதி வேகத்தில் ஓடுகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது ஆகையால், எல்லாச் சுருள்களின் ஆற்றலையும் கூட்டிப் பார்த்தால், வில்லின் நிறையில் மூன்றில் ஒரு பங்கு கீழ்நுனியில் தொங்குவதற்குச் சமமாகிறது. சூத்திரத்தில் தொங்கும் நிறையோடு அதையும் கூட்ட வேண்டும். வில்லின் நிறை புறக்கணிக்கத் தக்கது என்று பாடநூல் முதல் வரியிலேயே சொல்லியிருந்தது. அந்த வரியைத்தான் நான் புறக்கணித்துவிட்டேன்!

ஆய்வக உதவியாளர் அண்ணனிடம் கேட்டு, வில்லைக் கழற்றித் தராசில் வைத்தேன். 66 கிராம். மூன்றில் ஒரு பங்கு 22. பிறகு, நினைவில் இருந்த 13.8-ஐயும் 18.6-ஐயும் கொண்டு வரைபடத்தை மீண்டும் போட்டேன். கோடு நிறை அச்சைச் சுழியத்துக்கு இடப்புறம் 22 கிராமில் வெட்டியது!

நண்பர்களே, அன்று எனக்கு மகிழ்ச்சியை விட வெட்கமே மிகுதியாக வந்தது. என் அளவு தவறானதாக இருக்கவில்லை. ஒரு தராசும் இல்லாமல், வெறும் நிறுத்துக் கடிகாரத்தைக் கொண்டே, வில்லின் எடையை நான் கண்டுபிடித்திருந்தேன். அது தெரியாமல் அதை அழித்து எறிந்திருந்தேன். கல்லூரிக்குப் போகிறான் என்பதற்காக ஊரில் சிலர் என்னைத் 'தகப்பன்சாமி' என்று கேலி செய்வார்கள், அப்பனுக்குப் பாடம் சொல்லப் போகிறவன் என்று. எங்கள் வீட்டில் பாடம் சொன்னவர் தகப்பனார்தாம்.

நூலோடு பொருந்தாத அளவு

அளவு நூலோடு பொருந்தவில்லை என்றால் பெரும்பாலும் பிழை நம்முடையதாகவே இருக்கும். இதை மறுக்கவில்லை. ஆனால் எல்லா வேளைகளிலும் அப்படி இல்லை என்பதற்கு இதே காவிரிக் கரையில் பிறந்த ஒருவர் சான்று. திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சர் சி. வி. இராமன் நம் இசைக் கருவிகளின் அதிர்வை ஆராய்ந்தவர். மீட்டிய கம்பியில் எந்த இடத்தில் விரல் பட்டதோ, அந்த இடத்தில் கணு உடைய மேற்சுரங்கள் எழக்கூடாது என்பது யங்–ஹெல்ம்ஹோல்ட்சு விதி. கம்பியின் யங் குணகத்தை நமக்குத் தந்த அதே தாமசு யங்கின் பெயர்தான் இங்கும் நிற்கிறது. ஆனால் வீணையிலும் தம்பூராவிலும் அந்த மேற்சுரங்கள் கேட்கின்றன. இராமன் 1921-இல் வெளியிட்ட ஆய்வில் இதை எடுத்துக் காட்டினார். வீணையின் குதிரை கூர்மையான விளிம்பாக இல்லாமல், மேலே வளைந்த பரப்பாக இருக்கிறது. அதிரும் கம்பி அந்தப் பரப்பைத் தொட்டுத் தொட்டு விலகுவதே இதற்குக் காரணம் என்றார்.

அவருடைய காதில் கேட்டது விதிக்குப் பொருந்தவில்லை. "என் காது தவறு" என்று அவர் அழித்திருந்தால், தஞ்சை வீணையின் இனிமைக்கு உரிய காரணங்களுள் ஒன்று நமக்குத் தெரியாமலே போயிருக்கும். அந்த வளைவைத் தலைமுறை தலைமுறையாக அமைத்து வந்த கைவினைஞர்களுக்கு அது முன்பே தெரியும் என்பதும் நினைவில் கொள்ளத் தக்கது.

நாம் செய்ய வேண்டியது

"மதிப்பெண்தானே சோறு போடும்? உண்மையான அளவை எழுதி மதிப்பெண் குறைந்தால், மேற்படிப்புக்கு இடம் யார் தருவார்கள்?" என்று நண்பர்கள் கேட்கலாம். எளிதில் ஒதுக்கக் கூடிய கேள்வி இல்லை இது. என் போன்றோரின் வீட்டில் ஒவ்வொரு மதிப்பெண்ணும் யாரோ ஒருவருடைய கூலியிலிருந்து வருகிறது. 'பிள்ளை தேறிவிட்டான்' என்ற சொல்லுக்காகக் காத்திருப்பவர்களுக்கு, 'அளவு சரியாக வரவில்லை' என்று எப்படி விளக்குவது? மேலும், பலருக்கு ஒரு வில், மூன்று மணி நேரம், தேர்வாளர் பார்ப்பதோ விடையை மட்டும் என்று இருக்கும்போது, மாணவனை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு வில்லுக்கும் மீட்சி எல்லை என்று ஒன்று உண்டு. அதற்குள் இழுத்தால் திரும்பும். அதைத் தாண்டி இழுத்தால் நீண்டது நீண்டதுதான். முதல் தடவை நான் எண்ணைத் திருத்தியபோது கை நடுங்கியது. அடுத்த செய்முறையில் நடுங்கவில்லை. மூன்றாவதில், அளவு எடுக்கும் முன்பே விடையைக் கணக்கிட்டு வைத்துக்கொண்டேன். கால் மெழுகு கண்ணைத் திறக்காமல் போயிருந்தால், நான் எங்கே நின்றிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. பட்டறையில் பொய்க் கணக்கு எழுதினால் அன்றைக்கே உலோகம் பற்றாமல் உரு குறையாக வந்து நிற்கும். பதிவேட்டில் எழுதினால் எதுவும் குறையாக வருவதில்லை. குறை எழுதியவனோடு போய்விடுகிறது. நாளை நம்மில் ஒருவர் பாலத்தின் இரும்பைச் சோதிக்கும் வேலையில் இருக்கலாம், மற்றொருவர் மருந்துச் சாலையில் தராசைப் பிடிக்கலாம். அங்கேயும் நமக்கு வர வேண்டிய விடை முன்பே தெரிந்திருக்குமா?

ஆகவே மூன்று கருத்துகளைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

ஒன்று, செய்முறை மதிப்பெண்ணில் ஒரு பகுதியை 'அளவு ஏன் மாறியது' என்று மாணவன் எழுதும் விளக்கத்துக்கு ஒதுக்கலாம். நூலின் விடைக்கு எவ்வளவு அருகில் வந்தான் என்பதோடு, தான் கண்டதைக் கண்டபடி எழுதினானா என்பதும் மதிப்பிடப்பட வேண்டும்.

இரண்டு, முதல் அளவுகளை மையால் எழுதுவோம். தவறினால் ஒரு கோடு போட்டு அருகில் புதியதை எழுதுவோம். ரப்பர் ஆய்வகத்துக்குள் மீட்சித்திறன் காட்டும் பொருளாக மட்டும் வரட்டும்.

மூன்று, இயற்பியல் மன்றம் ஆண்டுக்கு ஒரு முறையேனும் நம் ஊர்களின் தொழிற்கூடங்களுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லலாம். வீணைக் குதிரையைக் கண்டால் அதிர்வு விளங்கும். அடி கனத்த தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைக் கண்டால், சாய்த்து விட்டதும் வீச்சுக் குறையக் குறைய ஆடி அடங்கும் தடையுறு அலைவு விளங்கும். வார்ப்புப் பட்டறையைக் கண்டால் நான் கற்றது விளங்கும்.

சென்ற மாதம் என் செய்கையை எங்கள் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "பழைய பக்கத்தைத் திருத்தாதே. அது அப்படியே இருக்கட்டும். புதிய பக்கத்தில் மீண்டும் செய்து எழுதிக் கொண்டு வா" என்றார். எழுதிச் சென்றேன். படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார், மதிப்பெண் போடவில்லை. என் பதிவேட்டில் மதிப்பெண் இல்லாத பக்கம் அது ஒன்றுதான். வீட்டுக்கு எடுத்துச் சென்று அப்பாவிடம் காட்டியதும் அந்தப் பக்கத்தைத்தான்.

வரும் ஆண்டில் அந்த மேசைக்கு வரப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு சொல். வில் அதே இடத்தில்தான் தொங்குகிறது. 200 கிராம் தொங்கவிட்டு 20 அலைவுகளை எண்ணும்போது 18.6 நொடி வந்தால், 18.6 என்றே எழுதுங்கள். வேறு எண் வந்தால், அந்த எண்ணையே எழுதுங்கள். யார் பதிவேட்டிலும் பார்க்காதீர்கள், என்னுடையது உட்பட.